என்பின்மேல் நின்ற அரசன்: மணிமேகலையில் தன்னிலை பற்றிய வாதம்

மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு நிதானங்களை விரித்துரைக்கிறது. பேதைமையைச் சார்ந்து செய்கையும், செய்கையைச் சார்ந்து உணர்வும் எனத் தொடங்கும் அந்த வரிசையில் 'நான்' என்று நிலைத்து நிற்கும் பொருள் எதற்கும் இடமில்லை. ஆனால் அதற்கு முந்தைய காதைகள் முற்பிறப்புக் கதைகளால் நிறைந்தவை. மணிமேகலை முன்பு இலக்குமியாகப் பிறந்தவள். இப்போது அவளை விரும்பும் சோழ இளவரசன் உதயகுமரன் அப்பிறப்பில் அவள் கணவன் இராகுலனாக இருந்தவன். ஆன்மா இல்லையெனில் அன்றைய இலக்குமியே இன்றைய மணிமேகலை என்பது எப்படிப் பொருந்தும்? காப்பிய ஆசிரியர் சாத்தனார் கதையில் ஒன்றும் தத்துவத்தில் வேறொன்றும் பேசுகிறார் என்று முடிவுகட்டுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. முற்பிறப்பு நினைவையே தன்னிலையைக் கரைக்கும் கருவியாக இக்காப்பியம் கையாள்கிறது என்பது என் வாதம்.

மணிமேகலை யாரென்று அவளைத் தவிர எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. பாட்டி சித்திராபதிக்கு அவள் கணிகையர் குலத்துப் பெண். அந்தத் தொழிலுக்கு மீட்டுக் கொணரப்பட வேண்டியவள். உதயகுமரனுக்கு அவள் காதலி. அவனிடமிருந்து விலகக் காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவெடுத்தபோது, காயசண்டிகையின் கணவன் காஞ்சனனுக்கு அவள் தன் மனைவியாகத் தோன்றுகிறாள். அந்த மயக்கத்தில் அவன் உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். பின்னர் வஞ்சியில் சமயக் கணக்கர்களிடம் வாதம் கேட்கச் செல்லும்போது அவள் ஆண் துறவியின் உருவில் இருக்கிறாள். இந்த உருமாற்றங்களைக் கதைச் சுவைக்கான மாயவித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. ஒரே காப்பியத்தில் குலம், உறவு, பால் என்ற மூன்று அடையாளங்களும் தளர்த்தப்படுவது அத்தனை தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

நினைவு முதலில் கட்டவே செய்கிறது. வெட்டுண்டு கிடப்பவன் முற்பிறப்புக் கணவன் என்பதால் அவள் அழுது அவனை நெருங்குகிறாள், தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை தடுக்கிறது. பழைய பிறப்பை அறிவது பழைய உறவைத் தொடர்வதற்கான உரிமை ஆகாது. இந்தத் தடையில்தான் காப்பியம் தன் கொள்கையைக் கதையாகச் செய்துகாட்டுகிறது என்பேன்.

இதனினும் கூர்மையானது ஆபுத்திரன் வரலாறு. வேள்விப் பசுவை விடுவித்ததற்காக அந்தணர் சேரியிலிருந்து விரட்டப்பட்டு, பிறப்பைச் சொல்லி இழிக்கப்பட்டவன். மணிபல்லவத்தில் உண்ணாதிருந்து உயிர்விட்டு, சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறக்கிறான். அந்த அரசன் மணிபல்லவத்துக்கு வந்து, மணலில் புதைந்த தன் பழைய என்புக்கூட்டைக் காண்கிறான். அது அவனுடையதா? ஆம் என்றால், அதைப் பார்த்து நிற்கும் உடல் எவருடையது? அல்ல என்றால், அவன் திகைப்பது ஏன்? இந்தக் கேள்விக்கு உடலும் விடையாகவில்லை, அரச பதவியும் விடையாகவில்லை. அவன் முற்பிறப்பில் ஏந்திய, சோறு குறையாத பாத்திரமான அமுதசுரபியோ அதற்குள் மணிமேகலையின் கைக்கு வந்துவிட்டது. ஏந்தியவர் மாறினாலும் பசித்தோர்க்குச் சோறு கிடைக்கிறது. அடையாளம் கரைந்த பின் எப்படி வாழ்வது என்று கேட்போருக்கு இக்காப்பியம் தரும் விடை அந்தப் பாத்திரம்தான்.

வலுவான மறுப்பு சைவ சித்தாந்தத்திலிருந்து வருகிறது. எல்லாம் கணந்தோறும் அழிவதெனில், செய்தவன் ஒருவன், பயனை நுகர்பவன் வேறொருவன் ஆகிவிடானா? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தரை இந்த வழியில்தான் மடக்குகிறார். பௌத்த நூலான 'மிலிந்த பன்ஹா'வில் மன்னன் மிலிந்தனும் இதே ஐயத்தை எழுப்புகிறான். மாம்பழம் திருடியவன், 'நட்ட விதை வேறு, நான் பறித்த பழம் வேறு' என்று தப்ப முடியுமா எனப் பௌத்தத் துறவி நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். தொடர்ச்சி போதும், மாறாத உரிமையாளன் தேவையில்லை. மணிமேகலையும் இதே நிலையில் நிற்கிறது. உதயகுமரன் இறப்பு பழவினையின் பயன் என்று சொல்லும் கந்திற்பாவை, அதற்காகக் காஞ்சனனை விடுவிப்பதில்லை. அவன் செய்த கொலை அவனையும் தொடரும் என்கிறது.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் வேறு வழியில் வருகிறது. 'இல்லை' என்று மறுக்கவும் ஓர் அறிவு வேண்டும். 'என் உடல்' என்பவன் உடலின் வேறானவன். நேர்த்தியான வாதம். ஆனால் அறிவு நிகழ்கிறது என்பது வரைதான் இது நிறுவுகிறது. அந்த அறிவு இன்னார் என்ற மாறாத அடையாளம் உடையது என்பதை நிறுவவில்லை. சித்தாந்தமும் அப்படிச் சொல்வதில்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது, மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் விளங்குவது என்பது சித்தாந்திகளின் அடிப்படைக் கொள்கை.

ஆகவே மெய்கண்டாரும் சாத்தனாரும் மோதுவது உயிர் உண்டா என்பதில் மட்டுமே. குலம், பெயர், உருவம் ஆகியவற்றால் ஆன நிலையான 'நான்' இருவர் நூலிலும் தப்புவதில்லை. நம் பாடத்திட்டங்கள் பௌத்தத்தைக் காப்பியத்தோடும் சைவத்தைச் சாத்திரத்தோடும் தனித்தனியே முடித்துவிடுகின்றன. மணிமேகலையையும் பரபக்கத்தையும் ஒரே வகுப்பில் எதிரெதிராக வைத்துப் பாடம் சொல்ல வேண்டும்.