பாட்டனின் கல்லறையும் பேத்தியின் கல்லறையும்

ஆக்ராவில் யமுனையின் இரு கரைகளிலும் முகலாயர் காலத்துப் பளிங்குக் கல்லறைகள் உண்டு. ஒரு கரையில் தாஜ்மகால். எதிர்க்கரையில், ஆற்றின் மேல்போக்கில், நூர்ஜகான் தம் பெற்றோருக்காக 1622 முதல் 1628 வரை கட்டிய இத்மாத்-உத்-தௌலா. இதில் அடங்கியிருக்கும் நூர்ஜகானின் தந்தை மிர்சா கியாஸ் பெக்கின் மகன் ஆசப் கான். அவருடைய மகள்தான் தாஜில் அடங்கியிருக்கும் மும்தாஜ். அதாவது, பாட்டனும் பேத்தியும் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக உறங்குகிறார்கள்.

இரண்டிலும் வெண்பளிங்கைக் குடைந்து நிறக்கற்களைப் பதித்திருக்கிறார்கள். ஆனால் பாட்டனின் சுவர்களில் வெற்றிடம் காண்பதே அரிது: மதுக்குடுவைகள், பூச்சாடிகள், சைப்ரஸ் மரங்கள், இடைவிடாத வடிவியல் கோலங்கள். பேத்தியின் சுவர்களிலோ அதே பதிப்பு வேலை வாயில் விளிம்புகளிலும் வளைவுகளின் மேலும் அளவோடு நின்றுவிடுகிறது. மற்றதெல்லாம் வெறும் பளிங்கு. முன்னதை நெருங்கி நின்று படிக்க வேண்டும். பின்னதை விலகி நின்று காண வேண்டும். வெறுமையாக விட்ட அந்தத் துணிவே தாஜின் பெரும் சாதனை என்பேன்.

முன்னதற்குக் குவிமாடம் இல்லை. மேல்தளத்தில் ஒரு சதுர மண்டபம் மட்டுமே. பின்னது 73 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. அங்கே கட்டடத்தின் மூலைகளோடு ஒட்டிநின்ற நான்கு கோபுரங்கள், இங்கே விலகி மேடையின் மூலைகளுக்குப் போய்விட்டன.

சமச்சீரின்மேல் கொண்ட பிடிவாதம் இரண்டுக்கும் பொது. இத்மாத்-உத்-தௌலாவில் கிழக்கு வாயில் வழியாகத்தான் நுழைகிறோம். வடக்கிலும் தெற்கிலும் இருப்பவை ஒப்புக்கு எழுப்பிய பொய் வாயில்கள். தாஜிலும் மேற்கே மசூதி இருப்பதாலேயே கிழக்கே அதன் இணைக்கட்டடம் நிற்கிறது.

இவ்வளவு பிடிவாதமும் கல்லறை அறைக்குள் உடைகிறது, இரண்டிலும் ஒரே விதமாக. இத்மாத்-உத்-தௌலாவின் நடுமையத்தில் இருப்பவர் மனைவி அஸ்மத் பேகம். 1621-இல் அவர் முந்திக்கொள்ள, மறு ஆண்டு மறைந்த கணவருக்குப் பக்கத்து இடமே கிடைத்தது. தாஜிலும் மையம் மும்தாஜுக்கு. 1666-இல் இறந்த கணவர் ஷாஜகான் ஓரத்தில்.

அரியணைப் போட்டியில் நூர்ஜகானும் ஷாஜகானும் எதிரணியினர். 1628-இல் ஷாஜகான் முடிசூட, நூர்ஜகான் லாகூருக்கு ஒதுங்கினார். ஆனாலும் கட்டடக்கலையில் மாற்றாந்தாய் கட்டிய கல்லறையிலிருந்து அந்த மகன் பாடம் கற்றிருக்கிறார் என்றே கருதுகிறேன். ஆக்ராவுக்குப் போகிறவர்கள் முதலில் இத்மாத்-உத்-தௌலாவைப் பாருங்கள். தாஜுக்கு அதன் பிறகு செல்லுங்கள்.