லெனார்டு வுல்ஃபின் யாழ்ப்பாணக் கடிதங்கள்: தனிமடலும் வரலாற்றுச் சான்றும்

திருவனந்தபுரத்துக் கேரள அரசு ஆவணக் காப்பகத்திலுள்ள மதிலகம் ஓலைச்சுருணைகள் பத்மநாபசுவாமி கோயில் நிருவாகத்தின் வரவையும் செலவையும் ஆணையையும் காட்டுவன. எழுதிய கணக்கரின் மனநிலையை அவற்றில் காண்பது அரிது. நிருவாகப் பதிவுகளுக்கெல்லாம் பொதுவான இவ்வரம்பைக் கடந்து, ஆட்சியாளர் ஒருவரின் அகத்தையும் காட்டும் சான்றாக ஆங்கில நாவலாசிரியர் லெனார்டு வுல்ஃபின் கடிதங்கள் அமைகின்றன.

1880இல் இலண்டனில் பிறந்த வுல்ஃப், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் லிட்டன் ஸ்டிரேச்சி முதலானோரோடு நட்புக் கொண்டார். பிற்காலத்தில் புளூம்ஸ்பரி குழு எனப் பெயர்பெற்ற வட்டத்திற்கு இந்நட்பே வித்தாயிற்று. இலங்கைக் குடிமைப் பணியில் சேர்ந்து 1904 டிசம்பரில் கொழும்பை அடைந்த அவர், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றினார், தமிழும் கற்றார். 1906இல் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பிலும் அரசுப் பணி புரிந்தார். அவ்வனுபவம் 1921இல் வெளிவந்த அவருடைய சிறுகதை ஒன்றுக்குக் களமாயிற்று.

வுல்ஃபின் இலங்கைக்காலச் சான்றுகள் மூவகையின. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது (1908-1911) விதிப்படி எழுதிய அலுவல் நாட்குறிப்பு ஒன்று. நண்பர்களுக்கு எழுதிய மடல்கள் மற்றொன்று. 1961இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் மூன்றாவது. நாட்குறிப்புகள் 1962இல் இலங்கையில் அச்சேறின. தேர்ந்தெடுத்த கடிதங்கள் பிரெடரிக் ஸ்பாட்ஸ் பதிப்பில் 1989இல் வெளிவந்தன. வுல்ஃபின் தாள்கள் பலவும் சசெக்ஸ் பல்கலைக்கழகத் தொகுப்பில் உள்ளன.

அச்சேறிய நாட்குறிப்பு அம்பாந்தோட்டைக் காலத்தை மட்டுமே தழுவுவதால், யாழ்ப்பாண ஆண்டுகளுக்குக் கடிதங்களே உடன்காலச் சான்றாகின்றன. ஸ்டிரேச்சிக்கு எழுதிய மடல்களில் தனிமையும் சலிப்பும் எள்ளலும் மிகுதி. தன்வரலாறோ ஐம்பதாண்டுகளுக்குப் பின், பேரரசை மறுக்கும் நிலைக்கு வந்த ஒருவரின் நோக்கில் எழுந்தது. ஒருவரே எழுதியவையாயினும் இவ்விரண்டும் ஒரே குரலில் பேசுவன அல்ல.

யாழ்ப்பாணத் தெருவில் குதிரைமீது சென்ற வுல்ஃப் சவுக்கால் தம் முகத்தில் அடித்ததாகத் தமிழ் வழக்கறிஞர் ஒருவர் குற்றஞ்சாட்டிய நிகழ்ச்சியைத் தன்வரலாறு விரித்துரைக்கிறது. தெருவை நோக்கி நீண்டிருந்த திண்ணைகளைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதே நடந்தது என்பது வுல்ஃபின் விளக்கம். ஆயினும் தமிழரின் ஊரில் தாம் செருக்கோடு குதிரைமீது அமர்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்கு ஒப்பாகும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இத்தெளிவு முதுமையில் எழுதிய நூலில் காணப்படுவது. இதனை இளம் அதிகாரியின் அன்றைய மனநிலையாகக் கொள்வது காலவழுவாகும்.

மேலும், முறையிட்டவரின் சொல்லும் இங்கு ஆட்சியாளரின் எழுத்து வழியாகவே நம்மை வந்தடைகிறது. புகழ்பெற்ற வட்டத்தைச் சேர்ந்தவர் என்பதால் வுல்ஃபின் மடல்கள் போற்றிக் காக்கப்பட்டன. கச்சேரி எழுத்தர், மனுதாரர், முத்துக்குளிப்போர் ஆகியோருக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. எனவே இக்கடிதங்கள் யாழ்ப்பாணத்தைப் பற்றிய சான்று என்பதைக் காட்டிலும், யாழ்ப்பாணத்தை ஆண்டவர் அதனை எவ்வாறு நோக்கினார் என்பதற்குரிய சான்று எனலே பொருந்தும். அக்கால வட்டாரத் தமிழ் இதழ்களோடும் மனுக்களோடும் ஒப்பிட்டு நோக்கும்போதே இவற்றின் வரலாற்றுப் பயன் முழுமை பெறும்.