தங்கவயல் தூசியும் ஒரு வயிற்று வலியும்

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படித்த எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்க, எங்க ஊர் பேர் தெரிந்திருக்கும். சினிமாவால் இல்லீங்க, அது 2018-இல்தான் வந்தது. பார்க் எழுதிய சமூக மருத்துவப் பாடப்புத்தகத்தில், சிலிகோசிஸ் பகுதியில், கோலார் தங்கச் சுரங்கம் வருகிறது. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது அங்கே, 1947-இல் என்று. சோதித்துப் பார்த்த தொழிலாளர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் நோய் இருந்ததாம். பரீட்சைக்கு இரண்டு வரி, அவ்வளவுதான்.

நான் பி.காம்., டெபிட் கிரெடிட் ஆள். ஆனாலும் அந்த இரண்டு வரிக்குள் இருப்பவர்கள் யார் என்று தெரியும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வட ஆற்காடு பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்கள். அதில் பெரும்பாலோர் தலித் மக்கள். தங்கம் வெள்ளைக்கல் பாறைக்குள் இருந்தது. அதைத் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே இருந்த காற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூசி நுரையீரலில் தங்கினால் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். இது நிறைய பேருக்குத் தெரியும். அடுத்த படிதான் பலருக்குத் தெரியாது. காசநோய்க்காரர் விழுங்கும் சளியோடு கிருமி குடலுக்கும் போகலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். அங்கே புண்ணாகி, தழும்பாகி, குழாய் சுருங்கி, கடைசியில் அடைப்பு.

குடலடைப்பு என்றால் மாணவர்களுக்கு நான்கு விஷயம் சொல்லிக்கொடுப்பார்கள்: விட்டு விட்டு முறுக்கும் வலி, வாந்தி, வயிறு உப்பல், மலமும் காற்றும் போகாதது. பிறகு வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு உண்டா, தொடை இடுக்கில் குடலிறக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே, மூக்கு வழியே குழாய், கையில் டிரிப். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறி, நாடி ஏறி, காய்ச்சலும் வந்தால் குடலுக்கு ரத்தம் போகவில்லையோ என்று சந்தேகப்பட்டு உடனே தியேட்டர். மேல்நாட்டில் முதலில் பழைய ஆபரேஷனின் ஒட்டுதலைத்தான் நினைப்பார்கள். நம் நாட்டில் அதோடு காசநோயையும் நினைக்கச் சொல்லித்தருகிறார்கள்.

எங்க பக்கத்து ஆட்கள் பெரிய வியாதி என்றால் வேலூர் சி.எம்.சி.க்குத்தான் பஸ் ஏறுவார்கள். (1918-இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. ஆண்களைச் சேர்த்ததும் அதே 1947-இல்தான்!) என்ன வேலை செய்கிறாய் என்று நோயாளியைக் கேட்கச் சொன்னவர் இத்தாலிக்காரர் ராமஸ்ஸினி, 1700-இல். என்னைக் கேட்டால் தங்கவயல்காரர்கள் விஷயத்தில் அதுதான் முதல் கேள்வி.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். தூசி மூடவில்லை. சிலிகோசிஸ் வேலையை விட்ட பிறகும் வளரும், காசநோய் பயமும் கூடவே வரும். கீழே இறங்கியவர்கள் இன்று தாத்தாக்கள். பேரனைப் பார்க்க சிங்கப்பூருக்கும் சிட்னிக்கும் வருகிறார்கள். அங்கே வயிறு வலித்தால் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் வேலை என்ற கட்டத்தில் நாம் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதிவிடுகிறோம். தங்கச் சுரங்கத் தொழிலாளி, இத்தனை வருஷம், பூமிக்கு அடியில் என்று எழுதுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.