வாகனத் திரும்ப அழைப்பு: வந்த வரலாறும் வராத கடிதமும்



விற்பனையான வாகனத்தில் தயாரிப்புக் குறை காணப்பட்டால், தயாரித்த நிறுவனமே உரிமையாளர்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருகிறது. 'ரீகால்' என்று பலரும் குறிப்பிடும் இந்நடைமுறை, நிறுவனங்களின் கருணையால் பிறந்ததன்று. போராடிப் பெற்ற உரிமை. அதன் வரலாற்றைச் சுருக்கமாக எழுத விழைகிறேன்.

விபத்து நேர்ந்தால் ஓட்டுநர்மீது பழி சுமத்துவதே முன்பு வழக்கமாக இருந்தது. 1965ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் அமெரிக்க இளம் வழக்கறிஞர், மகிழுந்துகளின் வடிவமைப்புக் குறைகளை ஒரு நூலில் அம்பலப்படுத்தினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவரைப் பற்றித் துருவி ஆராயத் துப்பறிவாளர்களை அமர்த்தியது. அது வெளியில் தெரிந்ததும், 1966 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவர் செனட் குழுவின்முன் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

ஆயினும் அச்சட்டம், குறையை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றே கட்டாயப்படுத்தியது. இலவசமாகச் சரிசெய்வதைக் கட்டாயமாக்கியது 1974ஆம் ஆண்டுத் திருத்தம். பள்ளிப் பேருந்துகளுக்குப் பாதுகாப்பு விதிகள் வகுக்கச் சொன்னதும் அதே திருத்தம்தான் என்பது, ஆசிரியர்களாகிய நாம் அறியத்தக்க செய்தி. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது.

இவ்வரலாறு நம் நாட்டையும் தொட்டது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்று மோதலுக்குள்ளானது. உயிர்காக்க வேண்டிய காற்றுப்பையின் உலோகக் கலம் வெடித்துச் சிதறியதில், ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். அவருடைய சிசுவும் பிழைக்கவில்லை. ஜப்பானின் தக்காத்தா நிறுவனக் காற்றுப்பையால் அமெரிக்காவுக்கு வெளியே நிகழ்ந்ததாக அறியப்பட்ட முதல் மரணம் அதுவே. 2016இலும் நம் நாட்டில் இத்தகைய மரணங்கள் தொடர்ந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடிக் காற்றுப்பைக் கலங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் தக்காத்தா திவாலானது.

காரணம் என்ன? பையை நொடிப்பொழுதில் ஊதச் செய்ய, அம்மோனியம் நைட்ரேட் என்னும் வேதிப்பொருளை அந்நிறுவனம் பயன்படுத்தியது. பல ஆண்டுகள் வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கினால் அது சிதைகிறது. பின்னர் மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது. கலம் வெடித்து, உலோகத் துண்டுகள் பாய்கின்றன. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் புழுக்கமும் கொண்ட நம் சுங்கை ரம்பாய் போன்ற ஊர்களில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாகனம் பழையதாக ஆக ஆக, ஆபத்தும் வளர்கிறது.

பழைய வாகனங்கள் யாரிடம் இருக்கின்றன? பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கையாக வாங்கியவர்களிடம். நிறுவனத்தின் கடிதமோ முதல் உரிமையாளரின் முகவரிக்கே போய்ச் சேரக்கூடும். சட்டம் வந்தும் உரிமை வந்து சேராத இடம் இதுதான். திரும்ப அழைப்பு வாகனத்திற்கு உரியது. முதலில் வாங்கியவருக்கு மட்டும் உரியதன்று.

ஆகவே பெற்றோர்களே, கடிதத்திற்காகக் காத்திராதீர்கள். 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நிறுவனத்தின் இணையத்தளத்திலோ அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திலோ அதைக் கொடுத்து விசாரியுங்கள். திரும்ப அழைப்பு இருந்தால் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். காற்றுப்பையை நீங்களே கழற்ற வேண்டா. பழைய வாகனத்திலிருந்து எடுத்த பையைப் பொருத்தவும் வேண்டா.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதற்கென ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். காலையில் பள்ளி வாயிலில் நிற்கும் ஒவ்வொரு வாகனத்திலும் நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள்.