விளையாட்டும் லினக்ஸும்: ஒரு வரலாற்று நோக்கு

1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், வீட்டுக் கணினிகளில் நெடுங்காலம் வேரூன்றவில்லை. எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் மாற்று மென்பொருள்கள் கிடைத்தன. விளையாட்டுகளோ மைக்ரோசொப்ற்றின் டிரெக்ட்எக்ஸுடன் பிணைக்கப்பட்டிருந்தன. விண்டோஸை விட்டு நீங்க விரும்பியோர் பலரையும் தடுத்துவைத்தது இப்பிணைப்பே எனலாம்.

1993 இல் ஆரம்பிக்கப்பட்ட வைன் திட்டம், விண்டோஸ் நிரல்களின் கோரிக்கைகளை லினக்ஸுக்கு விளங்கும் வகையில் மாற்றித்தர முயன்றது. தொண்டர்களின் உழைப்பு மெதுவாகவே பயன்தந்தது. அதற்கு வேகமூட்டியது, வியப்புக்குரிய வகையில், ஒரு வணிக நிறுவனத்தின் அச்சமாகும். 2012 இல் விண்டோஸ் 8 தனக்கெனவொரு விற்பனைக்கூடத்துடன் வெளிவந்தது. ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத்தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், அது வெளிவருமுன்னரே அதனைப் பேரழிவென வெளிப்படையாகச் சாடினார். 2015 இல் அந்நிறுவனம் முன்னின்று கொணர்ந்த லினக்ஸ் விளையாட்டுக் கணினிகள் தோல்வியுற்றன. அவற்றில் ஆடுதற்குரிய விளையாட்டுகள் போதவில்லை. ஆக்குநர்கள் லினக்ஸுக்கென எழுதுவரெனக் காத்திருத்தல் வீணென்பதை இத்தோல்வி உணர்த்தியிருத்தல் வேண்டும்.

2018 இல் வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டன் வெளியாயிற்று. விண்டோஸ் விளையாட்டின் வரைகலைக் கட்டளைகளை அது வல்கன் என்னும் பொது முறைக்கு மாற்றியது. 2022 இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி இம்முறையிலேயே இயங்கியது. 2025 ஒக்ரோபர் 14 இல் விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு முடிவுற்றபோது, விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை உடையோருக்கு இப்பாதை திறந்தே இருந்தது. எனினும், மோசடித் தடுப்பு மென்பொருளை முறைமையின் கருவிலேயே நிறுத்தும் சில பல்லாளர் விளையாட்டுகள் லினக்ஸை இன்றும் அனுமதிப்பதில்லை.