காந்தியடிகளும் பிர்லாவும்: கடிதங்கள் புகட்டும் பாடம்

பொருளின்றிப் பொதுக்காரியம் நடைபெறாது. ஆயினும், பொருளளிப்போர் அக்காரியத்திற்கே எசமானராகிவிடுதல் தகுமோ? இவ்வினா நம் சங்கம் போன்ற ஒவ்வொரு சங்கத்திற்கும் உரியது. மகாத்மா காந்தியடிகளும், 1943-இல் யுனைடெட் கமர்ஷியல் பாங்கைத் தோற்றுவித்த ஸ்ரீமான் கன்ஷ்யாம்தாஸ் பிர்லாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இதற்கு விடை பகர்வன.

1927-இல் கதர், தீண்டாமையொழிப்பு, கல்வி ஆகியவற்றிற்கு இரண்டு லக்ஷம் ரூபாயேனும் வேண்டுமெனக் காந்தியடிகள் பிர்லாவுக்குக் கூசாது எழுதினார். தமக்கென ஒரு காசும் கேட்டாரில்லை. பிர்லாவோ பருத்தி ஆலை நடத்தியவர். எனினும் கதருக்கு ஈந்தார்.

1929-இல் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. அதற்கு முன்னரே, 1927-இல், ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என நிலைநாட்டப்பெற்றிருந்தது. நம் ஜில்லாக் குடியானவர் நிலக்கடலையை எண்ணிப் பார்க்க. சீமையில் ஒரு பவுனுக்கு விற்கும் சரக்கிற்கு அவ்விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பையே கிடைக்கும். விகிதம் ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸாயின் 15 ரூபாய் கிடைக்கும். விளைபொருள் விலை வீழ்ந்தபோதும் தீர்வையும் கடனும் ரூபாயிலேயே நின்றமையின், இவ்வேற்றுமை ஏழையின் அடுப்பங்கரை வரை சென்றது.

பிர்லா முதலிய வணிகர் வற்புறுத்திவந்த அவ்விகிதத்தைக் காந்தியடிகள் 1930 ஜனவரியில் தம் பதினொரு கோரிக்கைகளுள் ஒன்றாக்கினார். ஆனால் அதனோடு நிலவரியைப் பாதியாக்குதலையும் உப்புவரி நீக்கத்தையும் சேர்த்தார். வணிகர் குறை மட்டும் நாட்டின் குறையாகிவிடவில்லை. 1931 மார்ச் 5-ஆம் நாள் இர்வின் பிரபுவுடன் உடன்படிக்கை ஏற்பட்டபோது விகிதம் மாறவில்லை. உப்பு விளையும் கடலோரச் சிற்றூரார் தம் வீட்டிற்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பெடுக்கும் உரிமையே கிட்டியது. புதுப்பட்டினக் கரையில் வாழும் நம்மவர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

பிர்லாவும் தம்மை மறைத்தாரில்லை. 1932-இல் இந்தியா மந்திரி ஸர் ஸாமுவேல் ஹோருக்கு எழுதிய கடிதத்தில், தாம் கதருக்கும் தீண்டாமையொழிப்புக்கும் பொருளுதவியதையும், சட்டமறுப்பில் சேராததையும் ஒருங்கே உரைத்தார். அவ்வாண்டிலேயே ஹரிஜன சேவா சங்கத்தின் தலைமையையும் ஏற்றார்.

கேட்பவர் நோக்கத்தைச் சொல்லிக் கேட்டார். கொடுத்தவர் தம் கருத்தை விடாது கொடுத்தார். நன்கொடைப் புத்தகமேந்திச் செல்லும் நம் சங்கத்தாரும், அதில் கையொப்பமிடும் செல்வரும் இம்முறையைக் கைக்கொள்வாராக.