புத்தக அலமாரி ஒலிபெருக்கி

புத்தக அலமாரி ஒலிபெருக்கி என்பது வீட்டில் இசை கேட்பதற்காக உருவாக்கப்பட்ட, தரையில் நேரடியாக நிறுத்தப்படாத ஒரு சிறிய வகை ஒலிபெருக்கி ஆகும். ஸ்டீரியோ ஒலிக்கு இரண்டு தேவைப்படுவதால் இவை பொதுவாக இணையாக விற்கப்படுகின்றன. பெயரில் அலமாரி இருந்தபோதிலும், இன்றைய ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவை தனித் தாங்கியின் மீது, சுவர்களிலிருந்து சற்று விலகி நிற்கும்போதே நன்கு ஒலிக்கின்றன. ஒரே ஒலிபெருக்கி ஓர் அறையில் தெளிவாகவும் மற்றோர் அறையில் மந்தமாகவும் கேட்கலாம். தாழ்ந்த அதிர்வெண்களில் காதை அடையும் ஒலியை, ஒலிபெருக்கியைப் போலவே அறையின் அளவும் ஒலிபெருக்கி வைக்கப்படும் இடமும் தீர்மானிப்பதே இதற்குக் காரணம்.

வரலாறு

1950களின் தொடக்கம் வரை, ஆழமான தாழ்சுருதி ஒலியைப் பெறப் பெரிய பெட்டிகள் தேவைப்பட்டன. அமெரிக்கரான பால் கிளிப்ஷ் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஒலிபெருக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அறையின் மூலையில் வைக்கப்படும் இது, இரு சுவர்களையும் தன் கொம்பமைப்பின் ஒரு பகுதியாகவே பயன்படுத்திக்கொண்டது.

1954 ஆம் ஆண்டில் எட்கர் வில்ச்சர் (1917–2011), ஹென்றி குளோஸ் (1929–2002) ஆகியோர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முதல் ஒலிபெருக்கியான ஏஆர்-1 அதே ஆண்டில் வெளிவந்தது. அதுவரை ஒலிபெருக்கியின் கூம்பை அதன் விளிம்பிலுள்ள விறைப்பான தாங்கலே மீண்டும் பழைய நிலைக்கு இழுத்தது. வில்ச்சர் அத்தாங்கலை மிகத் தளர்வாக்கி, காற்றுப்புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தினார். காற்றுவில் மிகச் சீராக இயங்குவதால் ஒலித்திரிபு குறைந்தது; பெட்டியும் சிறிதாயிற்று. இக்கண்டுபிடிப்புக்கு 1956 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1958 இல் இந்நிறுவனம் வெளியிட்ட ஏஆர்-3, உயர்சுருதிக்குக் குவிமாட வடிவ ஒலிப்பானைப் பயன்படுத்தியது.

ஏறத்தாழ இதே காலத்தில், 1958 முதல், ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தையில் பரவத் தொடங்கின. ஒரு வீட்டுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டதால் சிறிய பெட்டிகளுக்கு வரவேற்பு பெருகியது. அவை அலமாரித் தட்டில் அடங்கியமையால் இப்பெயர் நிலைத்தது.

பிரித்தானியாவின் பிபிசி நிறுவனம் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு ஊர்திகளின் உள்ளே பயன்படுத்துவதற்காக எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஒலிபெருக்கியை வடிவமைத்தது. 30.5 செ.மீ உயரமே கொண்ட இது, உரிமம் பெற்ற பல நிறுவனங்களால் தயாரிக்கப்பட்டு வீடுகளுக்கும் சென்றது. மனிதக் குரலை இயல்பாக ஒலிப்பதற்காக இது பெயர்பெற்றது.

அமைப்பு

பெரும்பாலான புத்தக அலமாரி ஒலிபெருக்கிகளில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

- வூஃபர்: தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களை ஒலிக்கும் கூம்பு. வழக்கமாக 10 முதல் 17 செ.மீ விட்டம் கொண்டது.
- ட்வீட்டர்: உயர்ந்த அதிர்வெண்களை ஒலிப்பது. பெரும்பாலும் 2.5 செ.மீ அளவுள்ள குவிமாடம்.
- பிரிப்புச் சுற்று: மின்குறிப்பை அதிர்வெண்ணுக்கேற்பப் பிரித்து இரு ஒலிப்பான்களுக்கும் அனுப்புவது.
- பெட்டி: முற்றிலும் மூடியதாகவோ, காற்றுத்துளை உடையதாகவோ இருக்கலாம்.

காற்றுத்துளைப் பெட்டியில், துளைக்குழாயிலுள்ள காற்றின் ஒத்ததிர்வு தாழ்சுருதிக்கு வலுவூட்டுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961 இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்டு சுமால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகைப் பெட்டிகளைக் கணக்கிட்டு வடிவமைக்க வழிகாட்டின. இப்போது விற்பனையில் உள்ளவற்றுள் காற்றுத்துளை வகையே மிகுதி.

அறையின் தாக்கம்

ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஆகும். எனவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 செ.மீ மட்டுமே, 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 3.4 மீட்டர். உயர்ந்த ஒலி ஒளிக்கற்றை போல முன்னோக்கிச் செல்கிறது. தாழ்ந்த ஒலி சிறிய பெட்டியைச் சுற்றி வளைந்து எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. இதனால் தாழ்சுருதியில் சுவர்களின் தாக்கம் தவிர்க்க இயலாததாகிறது.

சுவர் எதிரொலிப்பு

ஒலிபெருக்கிக்குப் பின்னால் செல்லும் ஒலி, சுவரில் பட்டுத் திரும்பி நேரடி ஒலியுடன் கலக்கிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றுகூடி, ஒரு சுவருக்கு 6 டெசிபல் வரை ஒலியை உயர்த்தக்கூடும். ஒலிபெருக்கியின் முகப்புக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்கும் அதிர்வெண்ணில், திரும்பிவரும் அலை எதிர்க்கட்டத்தில் வந்து நேரடி ஒலியைக் குறைக்கிறது. இப்பள்ளம் விழும் இடம் தொலைவைப் பொறுத்தது.

- 0.25 மீட்டர்: 343 ஹெர்ட்ஸ்
- 0.50 மீட்டர்: 172 ஹெர்ட்ஸ்
- 1.00 மீட்டர்: 86 ஹெர்ட்ஸ்
- 1.50 மீட்டர்: 57 ஹெர்ட்ஸ்

ஆகவே ஒலிபெருக்கியை நகர்த்துவதால் பள்ளம் மறைவதில்லை. வேறோர் அதிர்வெண்ணுக்கு இடம்பெயர்கிறது. பின்சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றும் ஒரே தொலைவில் இருந்தால் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஆழமாகும். எனவே இத்தொலைவுகள் வெவ்வேறாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்படுகிறது.

நிலையலைகள்

எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் சென்று நிலையலைகளை உண்டாக்குகிறது. முதல் நிலையலையின் அதிர்வெண், ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையேயுள்ள தொலைவின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 4.5 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையில் இவை முறையே 38, 49, 57 ஹெர்ட்ஸ் ஆகும். ஒலியழுத்தம் சுவரோரங்களில் மிகுந்தும், முதல் நிலையலைக்கு அறையின் நடுவில் மிகக் குறைந்தும் இருக்கும். அறையின் நடுவில் அமர்பவருக்குத் தாழ்சுருதி மெலிந்தும், சுவரில் சாய்ந்து அமர்பவருக்கு அதே இசை கனத்தும் கேட்பது இதனால்தான். தடித்த செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் தாழ்ந்த ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், அத்தகைய வீடுகளில் இவ்விளைவு மரச்சட்டச் சுவர் வீடுகளைக் காட்டிலும் வலுவானது.

செருமானிய இயற்பியலாளர் மான்ஃபிரெட் சுரோடர் (1926–2009) தனித்தனி நிலையலைகள் மேலோங்கும் எல்லையைக் கணக்கிட ஒரு வாய்பாட்டைத் தந்தார். மேற்கூறிய அறையின் எதிர்முழக்க நேரம் 0.4 நொடி எனக் கொண்டால், அவ்வெல்லை ஏறத்தாழ 180 ஹெர்ட்ஸ் ஆகும். அதற்குக் கீழே அறையின் ஆட்சி மிகுதி. அதற்கு மேலே ஒலிபெருக்கியின் இயல்பு மேலோங்குகிறது.

அறையில் நிறுவுதல்

இணைப்பு

ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு முனை ஒலிபெருக்கியின் சிவப்பு முனையுடனும், கறுப்பு முனை கறுப்புடனும் இணைக்கப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னோக்கி நகரும்போது மற்றது பின்னோக்கி நகரும். இதனால் தாழ்சுருதி மெலிவதோடு, நடுவில் கேட்க வேண்டிய பாடகரின் குரல் இடம் தெரியாமல் சிதறும். புதிய ஒலிபெருக்கி மெலிந்து ஒலித்தால் முதலில் சரிபார்க்க வேண்டியது இதுவே. கம்பிகளை மாற்றும் முன் ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிட வேண்டும். இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் அது பழுதடையக்கூடும்.

உயரம்

ட்வீட்டர், அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருப்பது நல்லது. நாற்காலியில் இது தரையிலிருந்து ஏறத்தாழ 90 முதல் 100 செ.மீ ஆகும். இதற்காகவே 60 செ.மீ அளவிலான தாங்கிகள் மிகுதியாக விற்கப்படுகின்றன. தாங்கி கனமானதாகவும் ஆடாததாகவும் இருக்க வேண்டும்.

முக்கோண அமைப்பு

இரு ஒலிபெருக்கிகளிலிருந்து ஸ்டீரியோ ஒலியைப் பெறும் முறைக்கு ஆலன் புளும்லைன் (1903–1942) 1931 இல் பிரித்தானியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டிலிருந்தும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் வந்தால், அது நடுவிலிருந்து வருவதாக மூளை உணர்கிறது. இதற்கு இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமைவது அடிப்படை ஏற்பாடு ஆகும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையும் இடது, வலது ஒலிபெருக்கிகளை நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலக்கியே வைக்கச் சொல்கிறது.

ஒரு ஒலிபெருக்கி மற்றதைவிட 30 செ.மீ அருகில் இருந்தால் அதன் ஒலி ஏறத்தாழ 0.9 மில்லிநொடி முன்னதாக வரும். குரல் முழுவதுமாக அப்பக்கம் சாய்ந்துவிட இதுவே போதும். ஆதலால் இரு தொலைவுகளையும் அளவுநாடா கொண்டு அளந்து சமப்படுத்துவது பயன்தரும். பெட்டிகளைக் கேட்பவரை நோக்கித் திருப்பினால் உயர்சுருதி கூடும். நேராக வைத்தால் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய 4.5 × 3.5 மீட்டர் அறையில், ஒலிபெருக்கிகளைக் குறுகிய சுவரின் முன் 0.9 மீட்டர் தள்ளி, தமக்குள் 2.2 மீட்டர் இடைவெளியில் வைக்கலாம். பக்கச்சுவர்கள் 0.65 மீட்டர் தொலைவில் அமையும். முக்கோணத்தின் மூன்றாம் முனை, ஒலிபெருக்கிகளிலிருந்து 1.9 மீட்டர் முன்னால் வரும். கேட்பவருக்குப் பின்னால் 1.7 மீட்டர் எஞ்சும்; இது அறை நீளத்தில் 38 விழுக்காடு. அறையின் நடுப்பகுதியும் சுவரோரமும் தவிர்க்கப்படுவதால் இது நல்ல தொடக்க நிலையாகும். பின்னர் பழகிய ஒரு பாடலைக் கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு முறையும் 5 அல்லது 10 செ.மீ நகர்த்தி, சரியான இடம் கண்டறியப்படுகிறது.

முதல் எதிரொலிப்புப் புள்ளிகள்

கேட்பவர் தம் இடத்தில் அமர்ந்திருக்க, மற்றொருவர் பக்கச்சுவரின் மீது கண்ணாடி ஒன்றை நகர்த்திச் செல்ல வேண்டும். ஒலிபெருக்கி கண்ணாடியில் தெரியும் இடமே முதல் எதிரொலிப்புப் புள்ளி. அங்கே கனமான திரைச்சீலையோ, நூல்கள் நிறைந்த அலமாரியோ இருந்தால் ஒலி தெளிவடையும். தரைக்குக் கம்பளம் பயன்படும். இவை நடுத்தர, உயர்ந்த அதிர்வெண்களுக்கே பயன்படுகின்றன. மெல்லிய துணியால் தாழ்சுருதியைக் கட்டுப்படுத்த இயலாது.

அலமாரியில் வைத்தல்

தனி இடம் ஒதுக்க இயலாத வீடுகளில் அலமாரியே வழியாகிறது. அப்போது பெட்டியின் முகப்பை அலமாரியின் விளிம்போடு ஒட்டி வைத்து, சுற்றியுள்ள வெற்றிடத்தை நூல்களால் நிரப்புவது நல்லது. முகப்பு சுவரின் ஒரு பகுதிபோல ஆகிவிடுவதால் பின்னெதிரொலிப்பு பெருமளவு குறைகிறது. தட்டு அதிராமலிருக்கப் பெட்டியின் அடியில் ரப்பர் துண்டுகள் வைக்கப்படுகின்றன. பெட்டி தாழ்சுருதிக்குக் கூடுதல் வலுப் பெறுவதால், அதை ஆம்ப்ளிஃபையரில் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கலாம். இவ்விடத்துக்கு மூடிய பெட்டிகளே ஏற்றவை. பின்புறக் காற்றுத்துளை உள்ளவற்றில், துளையை அடைக்கச் சில தயாரிப்பாளர்கள் நுரைப்பஞ்சு அடைப்பான்களை உடன் தருகின்றனர்.

பழகும் காலம்

புதிய ஒலிபெருக்கி பல மணி நேரம் இயங்கிய பின்னரே முழுத்தரத்தை எட்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. கூம்பின் தாங்கல் தொடக்கத்தில் சிறிது தளர்வது உண்மையே. ஆயினும் பெட்டிக்குள் பொருத்தப்பட்டபின் காற்றின் விறைப்பும் சேர்ந்துகொள்வதால் ஒலியில் ஏற்படும் மாற்றம் சிறிது. கேட்பவரின் செவி புதிய ஒலிக்குப் பழகுவதும் இவ்வுணர்வுக்கு ஒரு காரணம். அதனால் மந்தமாக ஒலிக்கும் ஒலிபெருக்கியைக் காத்திருந்து திருத்துவதைவிட நகர்த்திப் பார்ப்பதே பயனுள்ளது.

வரம்புகள்

சிறிய கூம்பு குறைந்த அளவு காற்றையே நகர்த்துவதால், மிகத் தாழ்ந்த சுருதியை உரத்து ஒலிக்க இவற்றால் இயலாது. இதற்கென ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிக்குத் தனிச் சப்வூஃபர் சேர்க்கப்படுவதுண்டு. ஒலிவாங்கி கொண்டு அறையை அளந்து திருத்தும் மின்னணுக் கருவிகளும் உள்ளன. இவை நிலையலைகளின் மேடுகளைக் குறைக்க வல்லவை. எதிரொலிப்பால் விழும் பள்ளத்தை இவற்றால் நிரப்புவது கடினம். நேரடி ஒலியைக் கூட்டினால் அதை அழிக்கும் எதிரொலிப்பும் அதே அளவு கூடும். அப்பள்ளத்தை மாற்ற ஒலிபெருக்கியையோ நாற்காலியையோ இடம் மாற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஒலிபெருக்கி
- நிலையலை
- எதிர்முழக்கம்
- ஒத்ததிர்வு